மாத்தறைக்குத் தனிய

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் படித்தது சாதாரண தரப் பரீட்சை வரைக்கும், அதிலும் கணக்கில் விழுந்துவிட்டேன். இதுவரை நான் எழுதியவை என்று பார்த்தால் நிவாரண விண்ணப்பங்கள், தொலைந்த அடையாள அட்டைக்கான கடிதங்கள், பாலர் வகுப்புப் பிள்ளைகளின் வரவுக் குறிப்புகள், அவ்வளவுதான். நாலு பேர் கூடின இடத்தில் வாய் திறக்காத ஒருத்தி, ஊர் பேர் தெரியாதவர்கள் வாசிக்கட்டும் என்று பேனையைத் தூக்குவது கொஞ்சம் மிஞ்சின வேலை. ஆனால் நேரில் சொல்லத் தொடங்கினால் பாதியில் நிறுத்திவிடுவேன். கடதாசியில் யாரும் குறுக்கே கேள்வி கேட்கமாட்டார்கள். அந்த ஒரு வசதிக்காகத்தான் எழுதுகிறேன்.

போன தை மாதம், வாடைக்காற்று வேலிக் கிடுகுகளை உரித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், எங்கள் வாசல் படலையடியில் ஒரு வெள்ளைக்காரப் பெண் சைக்கிளோடு வந்து நின்றார். வடக்கே ஒரு சின்னத் தீவில் இருக்கிற எங்கள் நாரந்தனையில் வெள்ளைக்காரரைக் காண்பது புதினமில்லை. ஊர்காவற்றுறைப் பக்கம் கடல் பார்க்கப் போகிறவர்கள் வான் வண்டியில் வருவார்கள், மாட்டைப் படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். இவர் மிதித்து வந்திருந்தார். சைக்கிளின் முன்னும் பின்னும் பைகள். மூக்கு வெயிலில் உரிந்து தக்காளிப்பழமாக இருந்தது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவராகத்தான் இருப்பார். வெறும் போத்தலைக் காட்டித் தண்ணீர் கேட்டார்.

என் அண்ணனுக்கு அறுபத்தாறு வயது. மச்சாள், அதாவது அவருடைய மனைவி, பேரப்பிள்ளைகளைப் பார்க்கக் கனடாவுக்குப் போய்விட்டார். இவர் குளிருக்குப் பயந்து இங்கேயே இருக்கிறார். ஒரே வளவில் முன்வீடு அவருக்கு, பின்வீடு எனக்கு. கதிரையை விட்டு அவர் எழும்புவதே பெரிய காரியம். அன்றைக்கு எழும்பி ஓடிவந்தார்.

"மனுசி களைச்சுப்போய் நிக்குது. செவ்விளநி ஒண்டு வெட்டிக் குடு" என்றார் என்னிடம். பிறகு ஒற்றை விரலை நீட்டி, "அலோன்?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

"யெஸ், அலோன்." தெற்கே காலி நகரத்திலிருந்து மிதித்து வருகிறாராம்.

அண்ணன் மலைத்துப்போனார். "கேட்டியே? காலியில இருந்து தனிய வந்திருக்குது. பொம்பிளை எண்டால் இப்பிடியெல்லோ இருக்க வேணும்!"

அவருடைய மொட்டைத் தலையில், வலது காதுக்கு மேலே, ஏழு தையல் போட்ட தழும்பு ஒன்று இருக்கிறது. வெயிலில் அது பளபளவென்று தெரிந்தது. அந்தத் தழும்பு நான் உண்டாக்கியது. இளநீர் சீவின கத்தி என் கையில் இருந்தது. இன்னொன்றுக்கு அந்தத் தலையில் எங்கே இடம் இருக்கிறது என்று என் கண் தேடியதை உங்களிடம் ஒளிக்கமாட்டேன். கத்தியைக் கொண்டுபோய்க் குசினிக்குள் வைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்தேன். 

அந்தப் பெண் புறப்படும் முன்பு முன்சில்லில் காற்று இறங்கியிருந்ததைக் கண்டு, எங்கள் முற்றத்திலேயே குந்தி இருந்து ரியூப்பை உருவி ஒட்டுப் போட்டார். ஒட்டுப் போடும் சொலூசனின் மணம் வந்தது. பெற்றோலும் பிசினும் கலந்த மாதிரி, மூக்கின் உச்சியில் போய்க் குத்துகிற மணம். இருபத்துமூன்று வருடங்களாக அந்த மணம் வருகிற பக்கம் நான் போவதில்லை. அது வளவுக்குள்ளேயே வந்தபோது ஒளிய இடமில்லாமல் நின்றேன்.

எங்கள் சந்தியில் பூவரசுக்குக் கீழே ஒரு தகரக் கொட்டில் இருந்தது. தவம் அண்ணையின் சைக்கிள் கடை. அங்கே எந்த நேரமும் இந்த மணந்தான், அதோடு சங்கிலி கழுவுகிற மண்ணெண்ணெயும், பக்கத்துக் கொட்டிலில் கட்டி வைத்த ஈரப் புகையிலையும் சேர்ந்து வரும். தவம் அண்ணைக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். ஒரு காலத்தில் வெங்காயமும் புகையிலையும் ஏற்றிக்கொண்டு தெற்கே போன லொறிகளில் கிளீனராக இருந்தவர். மனைவி மனோ அக்கா, இரண்டு பெண் பிள்ளைகள். சில்லு நெளிந்தால் தீவு முழுக்க அவரிடந்தான் கொண்டுவருவார்கள். மற்றவர்கள் கண்ணால் பார்த்து நேர் எடுப்பார்கள், அவர் விரலால் எடுப்பார். சில்லைச் சுற்றவிட்டு, கம்பிகளில் நகத்தை மெல்ல ஓடவிடுவார். சத்தம் எங்கே தளர்கிறதோ அந்தக் கம்பியை அரைச்சுற்று இறுக்குவார். வெற்றிலை போட்டபடியே, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, ஊர்க்கதை கதைத்துக்கொண்டு இதைச் செய்வார்.

என்னிடமும் ஒரு சைக்கிள் இருந்தது. கறுப்பு நிறம், பெண்கள் ஓடுகிற வகை, சங்கிலிக்கு மூடி போட்டது. அந்தச் சைக்கிளில் நான் போன தூரத்தை அளந்தால் இலங்கையை ஒரு தரம் சுற்றியிருக்கலாம். ஆனால் ஒரு மைல்கூட நான் போக விரும்பிப் போனதில்லை. சண்டைக் காலத்தில் தீவை விட்டு ஓடச் சொன்னார்கள், அம்மாவைக் கரியரில் ஏற்றி, கைபிடியில் சோற்றுப் பானையைத் தொங்கவிட்டு ஓடினேன். செல் குண்டு விழுந்த இடத்திலிருந்து செல் விழாத இடத்துக்கு ஓடினேன். அங்கேயும் விழுந்தது. ஒரு முறை முன்னால் போனவர் சைக்கிளோடு சரிந்தார். அவருக்கு என்ன என்று பார்க்க நிற்கவில்லை, சுற்றிக்கொண்டு மிதித்தேன். பின்னால் இருந்த அம்மா, "பாராதை, பாராதை" என்று முதுகில் குத்திக்கொண்டே வந்தார். அவருடைய குத்து முதுகில் இன்னும் இருப்பது போல இருக்கும்.

அதனால்தானோ என்னவோ, சமாதானம் என்று சொல்லிப் பாதை திறந்தபோது எனக்கு ஒரு விசர் ஆசை வந்தது. எனக்கு முப்பது வயது. ஊருக்குத் திரும்பி, பாலர் பாடசாலையில் ரீச்சராக இருந்தேன். அப்பா தெற்குக் கரையோரத்து மாத்தறையில் கடை வைத்திருந்தவர். கலவரத்தில் கடையைக் கொளுத்தி, அவரை உடுத்த சாரத்தோடு துரத்திய பிறகு அந்த ஊரின் பேரையே வீட்டில் எடுக்கமாட்டார். ஆனால் காய்ச்சலில் கிடந்த கடைசி நாட்களில், மாத்தறைக் கடலுக்கு அங்கால் தரையே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கடலைப் பார்க்க வேண்டும். பஸ்ஸில் அல்ல. யாரும் துரத்தாமல், பின்னால் யாரும் ஏறியிருக்காமல், நினைத்த இடத்தில் கால் ஊன்றி நின்று, நினைத்தபோது ஏறிப் போக வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

தவம் அண்ணையிடம் மட்டும் சொன்னேன். வேறு யாரிடம் கேட்பது? அவர் சிரிக்கவில்லை.

"எப்ப போகப் போறீர்?"

"பள்ளிக்கூட லீவில. மார்கழியில."

"மழைக்காலமெல்லோ?" என்று நான் கேட்க இருந்ததை அவரே கேட்டு, அவரே பதிலும் சொன்னார். "மழை பறவாயில்லை. வைகாசியில போனால் சோளகக் காத்து நெஞ்சில நிண்டு தள்ளும், மிதிக்க ஏலாது. மார்கழியில வாடை முதுகுப் பக்கம். நீர் பாதி மிதிச்சால் போதும், மிச்சத்தைக் காத்துப் பாக்கும்."

பிறகு என் கொப்பியை வாங்கி மடியில் வைத்து, எண்ணெய்க் கையாலேயே எழுதினார். பளை, மாங்குளம், வவுனியா, மதவாச்சி, தம்புள்ளை என்று ஒவ்வொன்றின் கீழும் கோடு போட்டு, எவ்வளவு தூரம், எங்கே மேடு, எங்கே தண்ணீர் கிடைக்கும், எந்தக் கோயில் மடத்தில் பெண்பிள்ளை பயமில்லாமல் படுக்கலாம் என்றெல்லாம் எழுதினார். ஒவ்வொரு நாளின் முடிவிலும் "இரவு தங்கல்" என்று எழுதி ஊரின் பேரைப் போட்டார். லொறிக்காரர்கள் அப்படித்தான் எழுதுவார்களாம். இரண்டொரு இடத்தில் "ஆளைத் தெரியும், சொல்லி விடுகிறேன்" என்றும் இருந்தது.

ஐப்பசியில் நான் பழகத் தொடங்கினேன். கரியரில் பத்துக் கிலோ அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு, புங்குடுதீவுக்குப் போகிற கடற்பாதையில் மிதித்தேன். இரண்டு பக்கமும் கடல், மறைப்புக்கு ஒரு பற்றைகூட இல்லை. ஒரு நாள் பக்கவாட்டில் வந்த காற்று என்னையும் சைக்கிளையும் அரிசியையும் ஒன்றாகத் தூக்கிக் கல்லுக்குள் போட்டது. முழங்கால் பிளந்து எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. எனக்கு முதலில் வந்தது அரிசி ஈரமாகிவிட்டதே என்ற கவலை. வீட்டில் கிணற்றடியில் விழுந்ததாகச் சொன்னேன். ஒளித்துச் செய்கிற காரியத்தில் பொய் தானாகப் பெருகும்.

வீட்டில் சொல்லாமல் விட்டது என் பிழை. சொன்னால் விடமாட்டார்கள் என்று தெரியும். வவுனியா போனதும் கடிதம் போடலாம் என்று நினைத்திருந்தேன். தீவில் ஒரு பெண் இரண்டு உடுப்பும் சவர்க்காரமும் நெருப்புப்பெட்டியும் பையில் அடுக்கி ஒளித்து வைத்தால் அதற்கு ஒரே ஓர் அர்த்தந்தான். அதை மறந்துபோனேன். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்துவிட்டு எப்படி மறந்தேனோ!

வெளிக்கிட ஒரு கிழமை இருக்க, கம்பி இறுக்கச் சைக்கிளைத் தவம் அண்ணையிடம் விட்டிருந்தேன். அன்று பின்னேரம் மச்சாள் என் அலுமாரியில் எதையோ தேடப்போய்ப் பையையும் கொப்பியையும் எடுத்துவிட்டார். நான் பாடசாலையால் வந்தபோது அண்ணன் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு நின்றார்.

"எங்கை போறாய்?"

"மாத்தறைக்கு."

"ஆரோட?"

"தனிய."

"தனிய ஆரோட?"

இந்தக் கேள்வியை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பும் வரும், வயிறும் எரியும். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. தனியப் போவதென்றாலும் யாரோ ஒருவரோடுதான் போக வேண்டும் என்பது அவருக்கு அவ்வளவு நிச்சயம். நான் திரும்பவும் தனிய என்றேன். அறைந்தார். காது இரைந்தது. மச்சாள் கொப்பியை விரலால் தட்டி, "இது உம்முடைய எழுத்தில்லை. ஆம்பிளை எழுத்து. இரவு தங்கல், இரவு தங்கல் எண்டு ஒவ்வொரு நாளும் எழுதிக் கிடக்கு" என்றார். அண்ணன் ஒரு பக்கத்தை மணந்து பார்த்தார். சொலூசன் மணம். வேறு சாட்சி தேவைப்படவில்லை.

என்னை அறைக்குள் தள்ளி வெளியே கொழுக்கியைப் போட்டுவிட்டுப் போனார். அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேர் ஒழுங்கையில் சேர்ந்துகொண்டது யன்னலால் தெரிந்தது. நான் கதவைத் தோளால் இடித்தேன். நாலாம் இடியில் கொழுக்கி பிடுங்கிக்கொண்டு வந்தது. மச்சாள் மறித்தார், அவரையும் தள்ளிவிட்டு ஓடினேன். மழை தூறிக்கொண்டிருந்தது. செருப்பு இல்லை.

சந்திக்கு வந்தபோது பூவரசைச் சுற்றி இருபது பேராவது நின்றார்கள். உள்ளே என் சைக்கிள் கவிழ்த்து நிறுத்தியிருந்தது. கூட்டாளிகள் இரண்டு பேரும் தவம் அண்ணையை முழங்காலில் இருத்தி, அவருடைய வலது கையைப் பின்சில்லின் கம்பிகளுக்குள் விட்டுப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பெடல் என் அண்ணனின் கையில் இருந்தது.

"எங்கை கூட்டிக்கொண்டு போகப் பாத்தனீ?"

"அண்ணை, கும்பிட்டுக் கேக்கிறன். அந்தப் பிள்ளை தனியத்தான் போகுது."

அண்ணன் பெடலை ஒரு சுற்றுச் சுற்றினார். அந்தச் சத்தத்தை நான் எழுதப்போவதில்லை.

"ஆரோட போகுது?"

"தனிய, அண்ணை."

இன்னொரு சுற்று. கையின் விரல்கள் எந்தப் பக்கம் இருக்க வேண்டுமோ அந்தப் பக்கம் இல்லை. இரத்தம் என் சைக்கிளின் சங்கிலி மூடியில் வழிந்தது. இருபது பேரில் ஒருவரும் "விடு" என்று சொல்லவில்லை. ஒருவர் குடையைச் சரித்துப் பிடித்துக்கொண்டு வடிவாகப் பார்த்தார். தவம் அண்ணை மூன்றாம் தரமும், நாலாம் தரமும், அழுதுகொண்டே அதையே சொன்னார். ஒவ்வொரு முறையும் பெடல் சுற்றியது.

காற்றடிக்கிற பம் வாசலில் நின்றது. காலால் மிதித்துப் பிடிக்கிற இரும்புப் பாதம் உள்ள பழைய பம். நான் அதை எடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அடித்தது ஞாபகம் இருக்கிறது. முதல் அடி தோளில் பட்டது. இரண்டாவது காதுக்கு மேலே. அண்ணன் அப்படியே நிலத்தில் சரிந்து இருந்துவிட்டார். மூன்றாவதையும் ஓங்கினேன், யாரோ பின்னால் கட்டிப் பிடித்தார்கள். நாலு பேர் முன்னால் பேசவே வெட்கப்படுகிற நான், இருபது பேர் முன்னால், தூசணத்தில் கத்தினேன். அந்தச் சொற்களெல்லாம் எனக்குத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

அடித்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன் போல. கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது: "பாத்தியளே! அவனுக்காகக் கூடப்பிறந்தவனை அடிச்சிட்டாள்." அதோடு முடிந்தது. அதுவரைக்கும் சந்தேகப்பட்டவர்களும் அந்த அடிக்குப் பிறகு நம்பிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் அண்ணன் கிணற்றுக் கட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார். தவம் அண்ணை, சில்லுக்குள் தவறிக் கை போய்விட்டது என்றார். இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்து வாங்கில் இருத்தி மருந்து கட்டினார்களாம். வெளியே மனோ அக்கா என்னைக் கண்டார். அவரிடம் நல்ல ஏச்சு வாங்கத் தயாராகத்தான் போயிருந்தேன்.

"நீ தனியத்தான் போக வெளிக்கிட்டனீ எண்டு எனக்குத் தெரியும். மனுசன் எனக்கு எல்லாம் சொன்னவர்" என்றார். "அண்ணனை ஏன் அடிச்சனீ? ரெண்டு நாளில சனங்கள் மறந்திருக்குங்கள். இனி என்ரை பிள்ளையளை ஆர் கட்டுவினம்?"

தவம் அண்ணையின் மூன்று விரல்கள் பிறகு மடங்கவேயில்லை. நகத்தால் கம்பி சுண்டுகிற விரல்கள். மாதம் முடியுமுன் கொட்டிலைப் பிரித்துக் குடும்பத்தோடு வன்னிக்குப் போனார்கள். அங்கே இருக்கிறார்கள் என்று கொஞ்சக் காலம் கேள்விப்பட்டேன். கடைசிச் சண்டைக்குப் பிறகு கேள்வியும் இல்லை.

என்னைப் பாடசாலை வேலையிலிருந்து நிற்பாட்டினார்கள். தைக்கப் பழகினேன், அதில்தான் சீவியம் போகிறது. ஒரே வளவில் அண்ணனும் நானும், நடுவில் மச்சாள். "மீன் வந்திட்டுதெண்டு அவளிட்டைச் சொல்லு." "காசு மேசையில கிடக்கெண்டு அவரிட்டைச் சொல்லுங்கோ." மச்சாள் கனடா போன பிறகுதான், மீன்காரன் வந்தால் சொல்ல வேறு ஆள் இல்லாமல், ஒன்றிரண்டு சொல் நேரே பேசத் தொடங்கினோம்.

அந்த வெள்ளைக்காரப் பெண் போன பின்னேரமே நான் ஒரு புதுக் கொப்பி வாங்கினேன். ஒரு வருடம் ஆயத்தப்படுத்தினேன். கியர் உள்ள சைக்கிள் ஒன்று வாங்கி, கியரை மாற்றத் தெரியாமல் இரண்டு மாதம் ஒரே கியரில் மிதித்தேன். முழங்காலுக்குக் கட்டு, மழைக்கு உடுப்பு, காற்றடிக்க ஒரு பிளாஸ்டிக் பம். பளை, மாங்குளம், வவுனியா என்று என் கோழிக் கிறுக்கல் எழுத்தில் நானே எழுதினேன். இந்த முறை எதையும் ஒளிக்கவில்லை. பையை முன்வாசலிலேயே வைத்து அடுக்கினேன். அண்ணன் பார்த்தார், கேட்கவில்லை. வெளிக்கிடுவதற்கு முதல் நாள் பொழுதுபட நானே போய்ச் சொன்னேன்.

"நாளைக்கு விடியப் போறன். மாத்தறைக்கு. சைக்கிளில."

"ஆரோட?" என்றார். வாய் பழகிப்போய்விட்டது.

"தனிய."

அவர் முற்றத்தையே பார்த்தபடி, "அண்டைக்கும் நீ தனியத்தான் வெளிக்கிட்டனீ" என்றார்.

"இப்பதான் விளங்கினதோ?"

"அண்டைக்கே விளங்கினது. அவன் மூண்டாம் தரம் சொல்லேக்கை. அவ்வளவு நோவிலையும் சொல்லை மாத்தேல்லை. பொய்யெண்டால் மாத்தியிருப்பான்."

என் காது திரும்பவும் இரைந்தது. "மூண்டாம் தரமோ? அதுக்குப் பிறகும் சுத்தினனீங்களே! ஏன் சுத்தினனீங்கள்?"

"ஆக்கள் பாத்துக்கொண்டு நிண்டவை" என்றார்.

கையில் அந்தப் பிளாஸ்டிக் பம் இருந்தது. அதால் ஒரு பூனையைக்கூட அடிக்க முடியாது. ஆனால் கை உயர்ந்தது. பாதி உயரத்தில் நின்றது. அவர் கையைக் கண்டார், தலையை விலக்கவில்லை.

"இதைச் சந்தியில போய் நிண்டு சொல்லுங்கோ. எல்லாரும் கேக்கச் சொல்லுங்கோ."

"சந்தியில இப்ப ஆர் நிக்கினம்?" என்றார்.

உண்மைதான். பம்மைப் பையில் செருகிவிட்டு ஒழுங்கையால் சந்தி வரைக்கும் நடந்தேன். பூவரசை றோட்டு அகலிக்கத் தறித்துவிட்டார்கள். கொட்டில் இருந்த இடத்தில் சீமெந்துத் தளமும், பூட்டின ஒரு போன் கடையும். புகையிலைக் கொட்டில் இல்லை. தவம் அண்ணையைப் பிடித்து வைத்திருந்த இருவரில் ஒருவர் லண்டனில், மற்றவர் செத்து ஆறு வருடம். குடை பிடித்து நின்றவர் இப்போது பாயில் கிடக்கிறார், பிள்ளைகளையே அடையாளம் தெரியாது. அன்றைக்கு நின்றவர்களின் இருபது வீட்டில் பதினாலு வீட்டுப் படலையில் பூட்டு. சைக்கிள்கூட இல்லை, மோட்டார் சைக்கிள்தான் இரண்டு கடந்து போயின. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பொய்யை நம்பியவர்கள் அவ்வளவு பேரும் இருந்த ஊர் அது. உண்மை வந்து சேர்ந்தபோது கேட்பதற்கு ஒருவர்கூட மிஞ்சவில்லை.  மழை தூறத் தொடங்கியதும் வீட்டுக்கு வந்து படுத்தேன்.

அடுத்த நாள் விடிய ஐந்தரைக்கு வெளிக்கிட்டேன். பளைக்கு இன்னும் கொஞ்சத் தூரம் இருக்க, கொடிகாமத்தில் பெருமழை பிடித்துக்கொண்டது. அன்றைக்கு அதற்கு மேல் போகவில்லை.